கவர் அடித்த ரசீதைத் தூக்கிப் போடாதீர்கள்

சரக்குகளின் பெயரை டிரேட்மார்க்காகப் பதிந்து கொடுக்கும் என் அலுவலகத்துக்கு உசிலம்பட்டிப் பக்கத்திலிருந்து ஓர் அம்மா வந்திருந்தார். கையில் ஒரு மஞ்சப்பை. அதற்குள் ஒரு வக்கீல் நோட்டீஸ், நாலைந்து பில் புத்தகங்கள், பருப்புப் பொடிக் கவர் ஒரு கட்டு. நோட்டீஸின் சாரம் இதுதான்: "நீங்கள் பாக்கெட்டில் போட்டிருக்கும் பெயர் எங்கள் கட்சிக்காரருக்குச் சொந்தம், 15 நாளில் நிறுத்தாவிட்டால் வழக்கு."

"பேரு நான் வச்சது தம்பி. எங்க மாமியா பேரு. அவுக சொல்லிக் குடுத்த பக்குவம்னுதான் அவுக பேரையே வச்சேன். இவரு எப்படி அவரு பேருங்குறாரு?"

நோட்டீஸ் அனுப்பியவர் வேற்றாள் இல்லை. மூன்று வருஷமாக அவரிடம் பொடி எடுத்து மதுரை, தேனி, திண்டுக்கல் கடைகளுக்குப் போட்டுவந்த விநியோகஸ்தர். கணக்கில் சின்னத் தகராறு வந்ததும் சரக்கு எடுப்பதை நிறுத்தினார். பிறகு வேறு இடத்தில் பொடி அரைத்து, அதே பெயரில் கவர் அடித்து, அந்தப் பெயருக்கு டிரேட்மார்க் விண்ணப்பமும் போட்டுவிட்டார். "என்கிட்ட லைசென்ஸ் இருக்கு, ஜிஎஸ்டி இருக்கு, உத்யம் இருக்கு" என்று அந்த அம்மா ஒவ்வொரு தாளாக மேஜையில் எடுத்து வைத்தபோது எனக்கு மனசு கனத்துப் போனது. அத்தனையும் ஒழுங்காக வாங்கி வைத்திருக்கிறார். பெயரைக் காக்கும் தாள் மட்டும் அதில் இல்லை.

கீழமாசி வீதி மொத்தக் கடையிலிருந்து செல்லூர் தறிக்கூடம் வரை நான் பார்க்கும் பெரும்பாலோருக்கு இந்தக் குழப்பம் இருக்கிறது. உணவுப் பாதுகாப்பு உரிமம், பொருளைச் சுத்தமாகத் தயாரிக்கிறீர்கள் என்பதற்கு. ஜிஎஸ்டி, வரி கட்டுகிறீர்கள் என்பதற்கு. உத்யம், சிறுதொழில் செய்கிறீர்கள் என்பதற்கு. கம்பெனியாகப் பதிவு செய்தால்கூட கம்பெனிப் பெயர்தான் பதிவாகிறது. பாக்கெட் மேலிருக்கும் பெயருக்கு அது காவல் இல்லை. பாக்கெட் பெயருக்கென்று இருப்பது 1999-ஆம் ஆண்டின் டிரேட்மார்க் சட்டம் ஒன்றுதான்.

பதிவே இல்லாவிட்டால் கதி அவ்வளவுதானா என்றால், இல்லை. நம் சட்டத்தில் முதலில் பதிந்தவனைவிட முதலில் பயன்படுத்தியவனுக்கு வலு அதிகம். சட்டத்தின் 34-ஆம் பிரிவு அதற்காகவே இருக்கிறது. திருநெல்வேலி இருட்டுக்கடை அல்வா வழக்கில் 2015-இல் உச்ச நீதிமன்றம் சொன்னதும் இதைத்தான். அந்தப் பெயரோடு இன்னொரு சொல்லைச் சேர்த்து வேறொருவர் பதிவும் வாங்கி வைத்திருந்தார். ஆனாலும் முன்பிருந்தே பயன்படுத்தி வந்தவரின் உரிமையே மேலானது என்று நீதிமன்றம் தீர்த்தது.

ஆனால் "முன்பிருந்தே" என்பதை வாயால் சொன்னால் போதாது, தாளில் காட்ட வேண்டும். அந்த அம்மாவின் மஞ்சப்பையை முழுக்கக் கொட்டச் சொன்னேன். சித்திரைத் திருவிழாவில் ஸ்டால் போட்டபோது எடுத்த போட்டோ வந்தது. கார்பன் வைத்து எழுதிய பில் புத்தகங்கள் வந்தன. மேலே கடைப் பெயர் மட்டும்தான், பொடியின் பெயர் எதிலும் இல்லை. கடைசியில் நான்காய் மடித்த ஒரு தாள் வந்தது. சிவகாசி அச்சகத்தின் 2015-ஆம் வருஷ ரசீது. பொடியின் பெயர், கவர் எண்ணிக்கை, தேதி, மூன்றும் அதில் தெளிவாக இருந்தன. ஒரு மூலையில் மஞ்சள்தூள் கறை. "இதைத் தூக்கிப் போட்டுறலாம்னு இருந்தேன்" என்றார். கடைசியில் அதுதான் அவருக்குக் கைகொடுத்தது.

விநியோகஸ்தரின் விண்ணப்பத்தை டிரேட்மார்க் பதிவகத்தின் இணையதளத்தில் எடுத்துப் பார்த்தேன். யாரும் காசில்லாமல் பார்க்கலாம். பெயரை எப்போதிலிருந்து பயன்படுத்துகிறீர்கள் என்ற இடத்தில், "இனிமேல்தான் பயன்படுத்தப் போகிறேன்" என்ற வகையைத் தேர்ந்தெடுத்திருந்தார். மூன்று வருஷம் அந்த அம்மாவின் பாக்கெட்டை விற்றவர் எழுதியது இது. விண்ணப்பம் பதிவகம் வெளியிடும் டிரேட்மார்க் ஜர்னலில் வெளிவந்து மூன்று மாதம் ஓடிவிட்டது. ஜர்னல் ஒவ்வொரு திங்கட்கிழமையும் வரும். ஒரு பெயர் அதில் வெளியான நாளிலிருந்து நான்கு மாதத்துக்குள் யார் வேண்டுமானாலும் எதிர்ப்பு மனு போடலாம். அதைத் தாண்டினால் பதிவு கிட்டத்தட்ட உறுதி. பிறகு அதை நீக்கக் கேட்டு நீண்ட வழக்குதான் நடத்த வேண்டும். அவர் அவசரப்பட்டு நோட்டீஸ் அனுப்பியதால்தான் எங்களுக்கு விஷயமே தெரிந்தது. இல்லாவிட்டால் அந்த நான்கு மாதமும் சத்தமில்லாமல் கழிந்திருக்கும்.

எதிர்ப்பு மனு போட்டோம். அதன் நகல் கைக்கு வந்த இரண்டு மாதத்துக்குள் விண்ணப்பதாரர் பதில் அறிக்கை தாக்கல் செய்ய வேண்டும். செய்யாவிட்டால் விண்ணப்பத்தைக் கைவிட்டதாகச் சட்டமே எடுத்துக்கொள்ளும். அவர் செய்யவில்லை. 2015 ரசீதின் நகலைப் பார்த்திருப்பார். இந்த இரண்டு மாதக் கெடு நல்லவர்களையும் பதம் பார்க்கும். விண்ணப்பம் போட்டுவிட்டு மின்னஞ்சலைத் திறந்தே பார்க்காமல் சொந்தப் பெயரைத் தொலைத்தவர்களை எனக்குத் தெரியும். விண்ணப்பத்தைப் பார்த்துப் பதிவகம் அனுப்பும் ஆய்வறிக்கைக்கு ஒரு மாதத்தில் பதில், எதிர்ப்புக்கு இரண்டு மாதத்தில் பதில். இரண்டு கெடுவையும் நீங்களே குறித்து வையுங்கள், என்னைப் போன்ற ஆளை மட்டும் நம்பி இருக்காதீர்கள்.

இப்போது பெயர் விஷயம். பெயர் வைக்கும்போதே பாதி வேலை முடிந்துவிடும், அல்லது கெட்டுவிடும். "மதுரை ஸ்பெஷல் மசாலா" என்று ஒருவர் வந்து பதியச் சொல்கிறார். மதுரை ஊர்ப் பெயர், ஸ்பெஷல் புகழ்ச்சி, மசாலா சரக்கின் பெயர். மூன்றும் எல்லாருக்கும் பொதுவான சொற்கள், யாரும் தனக்கென்று கேட்க முடியாது. ஜிகர்தண்டா என்ற சொல்லையும் யாரும் வேலி போட்டு அடைக்க முடியாது. லோகோவோடு சேர்த்தால் சிலசமயம் பதிவு கிடைக்கும். ஆனால் காவல் அந்த மொத்தப் படத்துக்குத்தான், உள்ளே இருக்கும் பொதுச்சொல்லுக்கு இல்லை. மதுரை மல்லி, மதுரை சுங்குடி இவற்றுக்கு இருப்பது புவிசார் குறியீடு. அது ஊருக்கும் அங்கே விளைவிப்போர், நெய்வோர் எல்லாருக்கும் சேர்ந்தது. தனிக்கடையின் சொத்து அல்ல.

சாமி பெயர் வைப்பதில் இன்னொரு சிக்கல். 1969-இல் உச்ச நீதிமன்றம் வரை போன ஒரு மூக்குப்பொடி வழக்கு இருக்கிறது. ஒருவர் ஸ்ரீ அம்பாள் என்ற பெயரில் விற்றுவந்தார். மற்றவர் ஸ்ரீ ஆண்டாள் என்ற பெயரைப் பதியக் கேட்டார். அம்பாள் வேறு, ஆண்டாள் வேறு என்பது நமக்குத் தெரியாதா? லேபிளும் வேறுதான். ஆனாலும் கடையில் கேட்கும்போது காதில் இரண்டும் ஒன்றுபோல் விழும் என்று சொல்லி நீதிமன்றம் பதிவை மறுத்தது. அதனால்தான் எழுத்தை மட்டும் பார்த்துத் தேடாதீர்கள் என்கிறேன். இணையதளத் தேடலில் ஓசையை வைத்துத் தேடும் வசதி உண்டு. 'தாழம்பூ' என்பதை இங்கிலீஷில் நாலு பேர் நாலு விதமாக எழுதுவார்கள். நாலையும் போட்டுப் பார்த்துவிட்டு அச்சகத்துக்குப் போங்கள்.

பணம் குறைவு, ஒன்றுதான் பதிய முடியும் என்றால் லோகோவைவிட எழுத்துப் பெயரை மட்டும் பதியுங்கள். டிசைன் அஞ்சு வருஷத்தில் மாறும், பெயர் மாறாது. தமிழிலேயே பதியலாம், உச்சரிப்பையும் பொருளையும் இங்கிலீஷில் சேர்த்துக் கொடுக்க வேண்டும், அவ்வளவுதான். ஆன்லைனில் போட்டால் அரசுக் கட்டணம் தனிநபருக்கும் உத்யம் சான்றுள்ள சிறு நிறுவனத்துக்கும் ஒரு வகுப்புக்கு 4500 ரூபாய், மற்ற நிறுவனங்களுக்கு 9000. வகுப்பு என்பது சரக்கையும் சேவையையும் பிரித்து வைத்திருக்கும் வகை, மொத்தம் 45. பொடியும் மசாலாவும் 30-இல், ஊறுகாயும் செக்கு எண்ணெயும் 29-இல், ஓட்டல் 43-இல் வரும். பொடிக்குப் பதிந்துவிட்டு அதே பெயரில் மெஸ் திறக்கப் போகிறவர் 43-ஐயும் சேர்க்க வேண்டும். பதிவகம் இருப்பது சென்னை கிண்டியில், ஆனால் இதற்காகப் பஸ் ஏற வேண்டியதில்லை.

கவர் டிசைன் செய்பவர்கள் அழகுக்காக வட்டத்துக்குள் ஆர் போட்டுவிடுகிறார்கள். பதிவுச் சான்று கைக்கு வருவதற்கு முன் அதைப் போடுவது சட்டப்படி தவறு, தண்டம் உண்டு. அதுவரை டிஎம் என்று போடலாம்.

பதிந்தால் இன்னொரு லாபம். யாராவது உங்கள் பெயரைக் காப்பியடித்தால், நீங்கள் தொழில் செய்யும் மதுரையிலேயே மாவட்ட நீதிமன்றத்தில் வழக்குப் போடலாம். 134-ஆம் பிரிவு பதிவு பெற்றவருக்குத் தரும் சலுகை அது. பதிவில்லாதவர் பொதுவாக எதிராளி இருக்கும் ஊருக்கோ தவறு நடந்த ஊருக்கோதான் போக வேண்டும். கோயம்புத்தூருக்கு வாய்தாவுக்கு வாய்தா அலைந்து பாதியில் விட்ட ஒரு தறிக்காரரை நினைத்தால் இன்றும் வருத்தமாக இருக்கிறது.

யார் பெயரில் பதிவது என்பதில்தான் குடும்பங்கள் தடுமாறுகின்றன. அப்பா ஆரம்பித்த கடை, இரண்டு மகன்கள், பத்திரத்தில் இடம் பற்றி நாலு பக்கம், கடைப் பெயர் பற்றி ஒரு வரிகூட இல்லை. அப்பா போன பிறகு ஒருவர் "ஒரிஜினல்" என்றும் மற்றவர் "பழைய" என்றும் போர்டு மாட்டுகிறார்கள். இரண்டு மகன்களும் தப்பானவர்கள் இல்லை. உயிரோடு இருக்கும்போதே பெயரை நிறுவனத்தின் பெயரில் பதிந்து, பிரிந்தால் யாருக்குப் போகும் என்று கூட்டுப் பத்திரத்தில் ஒரு வரி எழுதுங்கள். விநியோகஸ்தருடன் போடும் ஒப்பந்தத்திலும் பெயர் தயாரிப்பாளருக்கே சொந்தம் என்று எழுதி வாங்குங்கள். கவர் அடிக்கும் சிலிண்டருக்கு, அதாவது அச்சு உருளைக்கு, யார் காசு கொடுத்தாலும் ரசீது உங்கள் பெயரில் இருக்கட்டும். அந்த விநியோகஸ்தர் அதே பெயரில் அவ்வளவு சீக்கிரம் கவர் அடித்தது, சிலிண்டர் அவர் கையில் இருந்ததால்தான்.

அந்த அம்மாவுக்கு 2015 முதல் பயன்பாடு என்று காட்டி, அதற்கான பிரமாணப் பத்திரத்தோடு 29, 30 இரண்டு வகுப்புக்கும் 2023-இல் விண்ணப்பம் போட்டோம். பழைய விண்ணப்பம் குறுக்கே நின்றதால் முதலில் ஆட்சேபம் வந்தது, அது கைவிடப்பட்டதும் நீங்கியது. சான்று வந்த அன்று பிரிண்ட் எடுத்துக் கொடுத்தேன். எத்தனை வருஷத்துக்கு என்று கேட்டார். விண்ணப்பம் போட்ட தேதியிலிருந்து 10 வருஷம், பிறகு கட்டணம் கட்டிப் புதுப்பித்துக்கொண்டே போகலாம் என்றேன். பையிலிருந்து பில் புத்தகத்தை எடுத்து, பின்னட்டையில் 2033 என்று பெரிதாக எழுதி, கீழே மருமகள் பெயரையும் எழுதினார். "அப்ப நான் இருக்கேனோ என்னமோ, அவ பாத்துக்கிடுவா" என்றார்.