ஸ்டீலா – பொறிநெடுங்கல்

ஸ்டீலா என்பது உருவமோ எழுத்தோ செதுக்கிச் செங்குத்தாக நிறுத்திய கல். கிரேக்கத்தின் 'ஸ்டேலே' லத்தீன் வழியாக இப்படி ஆனது. நிறுத்தி வைத்தது என்பதே வேர்ப்பொருள். இதைத் தமிழில் எப்படிச் சொல்வது? கிரேக்கர்கள் கல்லறைகளின் மேல் இத்தகைய கற்களை நிறைய நட்டார்கள். அவற்றை நடுகல் என்றால் சரி. மத்திய அமெரிக்காவின் பழங்குடியான மாயா மக்களின் ஸ்டீலாக்களுக்கு அந்தச் சொல் பொருந்தாது. ஏன் என்பதற்குப் பதில் மாயா ஆய்வாளர் தாத்தியானா புரோஸ்கூரியாகோஃபின் ஆய்வில் இருக்கிறது.

1909இல் சைபீரியாவின் தோம்ஸ்கில் பிறந்து, சிறுவயதிலேயே அமெரிக்கா போனவர். படித்தது கட்டடக்கலை. 1930இல் பட்டம் வாங்கியபோது பொருளாதார மந்தம், வேலை கிடைக்கவில்லை. பென்சில்வேனியா பல்கலைக்கழக அருங்காட்சியகத்துக்கு வரைந்து கொடுக்கப் போனார். அவருடைய கைத்திறனைப் பார்த்து 1936இல் குவாத்தமாலாவிலுள்ள பழைய மாயா நகரமான பியத்ராஸ் நேக்ராஸ் அகழாய்வுக்கு அழைத்துக்கொண்டார்கள். இடிந்த கோயில்கள் முழுசாக இருந்த கோலத்தை அவர் தீட்டிய படங்கள் இன்றும் அசத்துகின்றன.

ஸ்டீலாக்களில் இருப்பவர்கள் தெய்வங்கள் அல்லது பூசாரிகள், எழுத்துகள் சொல்வது காலக்கணக்கும் வானியலும்தான் என்றே அன்றைய பெரிய அறிஞர்கள் நம்பினார்கள். புரோஸ்கூரியாகோஃப் பியத்ராஸ் நேக்ராஸ் கற்களைத் தொகுதி தொகுதியாகப் பிரித்துத் தேதிகளை அடுக்கிப் பார்த்தார். ஒவ்வொரு தொகுதியின் முதல் கல்லிலும் மாடத்துக்குள் அமர்ந்த ஓர் உருவம். பல்வலிக்காரர்போல் தலையைச் சுற்றித் துணி கட்டிய பட எழுத்து ஒரு தேதியோடு வருகிறது. அதற்குப் பல ஆண்டுகள் முந்தைய தேதியோடு, அண்ணாந்த தவளைத்தலை எழுத்து. எந்தத் தொகுதியும் ஒரு மனித ஆயுளைத் தாண்டவில்லை! தவளை பிறப்பைக் குறிக்கிறது, பல்வலி அரியணை ஏறியதைக் குறிக்கிறது என்று 1960இல் எழுதினார். மறுதரப்பில் முன்னணியில் நின்ற எரிக் தாம்ப்சனே ஏற்றுக்கொண்டார்.

அப்படியானால் கல்லில் இருப்பவர் ஆண்டுகொண்டிருந்த அரசர். நம் நடுகல்லோ போரில் விழுந்தவருக்கு உரியது. காட்சி, கால்கோள், நீர்ப்படை, நடுதல் என்று தொல்காப்பியம் அதற்கு முறையே வகுத்திருக்கிறது. அந்தச் சொல்லைப் போட்டால் அரியணையில் இருப்பவர் மாண்டவராகிவிடுவார். கல்வெட்டு என்றால் உருவம் விடுபடும். வெறும் நெடுங்கல் என்பது பெருங்கற்காலத்து எழுத்தில்லாத கல். அதோடு செதுக்கியது என்ற பொருளில் 'பொறி' சேர்த்துப் பொறிநெடுங்கல் என்பதே என் தேர்வு. மாயா மக்களும் இதை 'லகம் துன்', அதாவது பெரிய கல் என்றே அழைத்தார்கள். குவாத்தமாலாவின் இன்னொரு மாயா நகரமான குவிரிகுவாவில் ஒன்று சுமார் 35 அடி.

தனிக் கற்களுக்கு எண் சேர்த்து எழுதலாம்: பியத்ராஸ் நேக்ராஸ் 14ஆம் பொறிநெடுங்கல்.