கோபத்தையும் கர்த்தரிடம் சொல்லலாம்

ஆலோசனைக்கு வரும் விசுவாசிகள் பலர் முதல் நாளே, "எனக்குக் கோபமெல்லாம் வராதுங்க" என்று சொல்லிவிடுவார்கள். பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் மகனின் முகத்தைப் பார்த்தால் உண்மை தெரிந்துவிடும். கோபமே பாவம் என்று ஓய்வுநாள் பள்ளியிலிருந்து கேட்டு வளர்ந்தவர்கள். வந்த கோபத்தை ஒப்புக்கொள்ளவே கூச்சப்படுகிறார்கள்.

வேதம் அப்படிச் சொல்லவில்லை. மாற்கு 3-இல், சூம்பின கையைக் குணமாக்குமுன் இயேசு சுற்றியிருந்தவர்களைக் கோபத்துடனே பார்க்கிறார். அவர்களுடைய இருதயக் கடினத்துக்காக விசனமும் படுகிறார். எரிச்சலோடிருந்த காயீனிடம் கர்த்தர் முதலில் கேட்டது, "உனக்கு ஏன் எரிச்சல் உண்டாயிற்று?" என்பதுதான். கோபித்துக்கொண்ட யோனா தீர்க்கதரிசியையும் கேள்விதான் கேட்டார். எங்கள் தொழிலிலும் வேலை அந்த 'ஏன்' என்பதில்தான் தொடங்குகிறது.

ஓர் அம்மா. அடையாளம் தெரியாதபடி மாற்றிச் சொல்கிறேன். சபைப் பாடகர் குழுவில் இருப்பவர். தூக்கமில்லை, ரத்த அழுத்தம் கட்டுக்குள் வரவில்லை. "கொழுந்தனார் மேல எனக்கு ஒண்ணும் இல்ல, கர்த்தர் பார்த்துக்குவார்" என்றார். சொல்லும்போதே கைக்குட்டையைக் கயிறாக முறுக்கிக்கொண்டிருந்தார். பேசப்பேச வெளியே வந்தது: படுக்கையில் கிடந்த மாமியாரை வருஷக்கணக்காகக் கவனித்தவர் இவர். பாகப்பிரிவினை அன்று இவரை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. நிலம் போனதைவிட அதுதான் வலி.

எதிரியின் மேல் சாபம் வரும்படி தேவனிடம் கேட்கும் 109ஆம் சங்கீதத்தைச் சத்தமாக வாசிக்கச் சொன்னேன். பாதியில் நிறுத்தி, "இதெல்லாம் ஜெபமா?" என்றார். ஆமாம், இதுவும் ஜெபம்தான். அதேபோலத் தன் சொந்த வார்த்தைகளில் ஒரு நோட்டில் எழுதி ஜெபிக்கத் தொடங்கினார். சில வாரங்கள் கழித்துக் கொழுந்தனாரிடம் நேரில் பேசினார். பங்கு மாறவில்லை. ஆனால் தூக்கம் வருகிறது. மாத்திரையும் தொடர்கிறது, அதை நிறுத்தச் சொல்வது என் வேலையில்லை.

"சூரியன் அஸ்தமிக்கிறதற்கு முன்னாக உங்கள் எரிச்சல் தணியக்கடவது" என்ற எபேசியர் வசனத்தைப் பிடித்துக்கொண்டு, நள்ளிரவு வரை வழக்காடும் தம்பதிகள் உண்டு. தணிய வேண்டியது எரிச்சல்; சண்டைக்கு அன்றே தீர்ப்பு எழுத வேண்டும் என்று அங்கே இல்லை. தாடை இறுகி, குரல் ஏறி, நெஞ்சு படபடக்கும்போது எந்தப் பேச்சும் நல்லபடி முடியாது. உடம்பு அடங்கக் குறைந்தது 20 நிமிடமாவது கொடுங்கள். சும்மா எழுந்து போகாமல், "சாப்பிட்ட பிறகு பேசலாம்" என்று நேரம் சொல்லிவிட்டுப் போங்கள். போன இடத்தில் அடுத்த பதிலைத் தயார் செய்துகொண்டிருந்தால் பயனில்லை. கொஞ்சம் நடக்கலாம், ஒரு சங்கீதம் வாசிக்கலாம்.

குடும்ப ஜெபத்தில், "ஆண்டவரே, இவருடைய கல்லான இருதயத்தை மாற்றும்" என்று கணவர் காதில் விழும்படி வேண்டுவது, கோபத்தைக் கர்த்தரிடம் சொல்வதில் சேராது. முழங்காலில் நின்று போடும் சண்டை அது.

மன்னிப்பது வேறு, அடி வாங்கிக்கொண்டு இருப்பது வேறு. வீட்டில் கை நீட்டப்படுகிறது என்றால் முதலில் பாதுகாப்பான இடத்துக்குப் போங்கள். பெண்களுக்கான உதவி எண் 181. கோபத்தை அடக்க முடியாமல் தவிப்பவர்கள் அரசின் டெலி மானஸ் மனநல உதவி எண் 14416-இல் தமிழிலேயே பேசலாம். போதகரிடம் கேட்டுவிட்டுத்தான் அழைக்க வேண்டும் என்பதில்லை.