பழைய ஸ்போர்ட்ஸ் கார் வாங்கும்முன்: குமரி மாவட்டத்தார் தெரிந்துகொள்ள வேண்டிய வரி, பதிவு, பெயர்மாற்ற விதிகள்

போர்ஷே, லம்போர்கினி, பெராரி போன்ற வண்டிகளைப் புதிதாக வாங்க முடியாவிட்டாலும், ஐந்தாறு வருடம் ஓடிய ஒன்றை வாங்கலாமே என்று நினைப்பவர்கள் நாகர்கோவில், மார்த்தாண்டம் பக்கமும் இருக்கிறார்கள். வெளிநாட்டில் உழைத்துச் சேர்த்த பணத்தில் வாங்குபவர்கள் உண்டு, தொழிலில் வந்த லாபத்தில் வாங்குபவர்களும் உண்டு. முதல் தடவை வாங்கும்போது எல்லாரும் எஞ்சின் சத்தம், கிலோமீட்டர், பெயிண்ட் ஆகியவற்றைத்தான் பார்க்கிறார்கள். இந்த வகை வண்டியில் முதலில் பார்க்க வேண்டியது ஆர்.சி. புத்தகத்தை. வண்டி எந்த மாநிலத்து எண்ணில் இருக்கிறது, இந்தியாவுக்குள் எப்படி வந்தது ஆகிய இரண்டு கேள்விக்கும் கையில் காகிதத்தோடு பதில் கிடைக்கும் வரை டோக்கன் அட்வான்ஸ் கொடுக்காதீர்கள்.

எஞ்சினில் கோளாறு இருந்தால் பணம் செலவாகும், சரிசெய்துவிடலாம். காகிதத்தில் கோளாறு இருந்தால் வண்டியே கையைவிட்டுப் போகலாம்.

ஆயுட்கால வரி: நீங்கள் கொடுத்த விலைக்கு அல்ல

பலரைத் திகைக்க வைக்கும் விஷயம் இதுதான். தமிழ்நாட்டில் 2023 நவம்பர் முதல் புதிய கார்களுக்கான ஆயுட்கால வரி உயர்த்தப்பட்டது. 5 லட்சம் ரூபாய் வரையிலான காருக்கு 12 சதவீதம், 10 லட்சம் வரை 13, 20 லட்சம் வரை 18, அதற்கு மேல் 20 சதவீதம். ஸ்போர்ட்ஸ் கார்கள் எல்லாம் கடைசி வகையில்தான் வரும்.

தமிழ்நாட்டிலேயே பதிவான வண்டிக்கு இந்த வரி ஏற்கெனவே கட்டப்பட்டிருக்கும். சென்னையிலோ கோவையிலோ இருந்து வாங்கினால், பெயர் மாறுமே தவிர வரியை மறுபடி கட்ட வேண்டியதில்லை. எண்ணும் மாறாது. டி.என். 09 வண்டி நாகர்கோவிலுக்கு வந்தாலும் டி.என். 09 தான்.

கேரளா, கர்நாடகம், டெல்லி, மகாராஷ்டிரம் எண்ணில் உள்ள வண்டி என்றால் கதை வேறு. அங்கே வரி கட்டியிருந்தாலும் இங்கே மறுபதிவு செய்யும்போது தமிழ்நாட்டுக்குத் தனியாக வரி கட்ட வேண்டும். வண்டியின் வயதைப் பொறுத்து விகிதம் குறையும். ஆனால் அந்த விகிதம் வண்டியின் அசல் விலைமீது போடப்படுகிறது. 1 கோடி ரூபாய்க்கு இறங்கிய காரை நீங்கள் 45 லட்சத்துக்கு வாங்கியிருக்கலாம். கணக்குப் புரிவதற்காக மட்டும் விகிதம் 10 சதவீதம் என்று வைத்துக்கொண்டால், வரி நாலரை லட்சம் அல்ல, 10 லட்சம். "வெளி மாநில வண்டி, விலை கம்மி" என்று காட்டும்போது இந்தத் தொகையைச் சேர்த்துப் பாருங்கள். பல சமயம் அந்த மலிவு அப்படியே கரைந்துவிடும். அசல் இன்வாய்ஸைப் புரோக்கரிடமிருந்து வாங்கி, நாகர்கோவில் அல்லது மார்த்தாண்டம் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில், உங்கள் முகவரி எதன்கீழ் வருகிறதோ அங்கே, இந்த வயது வண்டிக்கு எவ்வளவு வரும் என்று முதலிலேயே கேட்டுவிடுவது நல்லது.

பழைய மாநிலத்தில் கட்டிய வரியில் மீதிக் காலத்துக்கானதைத் திரும்பப் பெற விண்ணப்பிக்க முடியும். இங்கே மறுபதிவு முடிந்ததற்கான ஆதாரத்தோடு அந்த மாநில அலுவலகத்தில் கேட்க வேண்டும். அந்தப் பணம் விற்றவருக்கா உங்களுக்கா என்பதை விலை பேசும்போதே எழுத்தில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் கேட்டால் யாரும் போனை எடுக்க மாட்டார்கள்.

பக்கத்து மாநில எண்ணில் ஓட்டிக்கொள்ளலாமா?

களியக்காவிளையைத் தாண்டினால் கேரளம். சொந்தக்காரர்கள் இரண்டு பக்கமும் இருக்கிறார்கள். அதனால் "பாறசாலையில மாமா வீட்டு அட்ரஸ்ல போட்டுக்கலாம்" என்ற யோசனை இயல்பாக வருகிறது. வேண்டாம். வரி குறைவு என்பதற்காகப் புதுச்சேரியில் போலி முகவரி காட்டிச் சொகுசு கார்களைப் பதிவுசெய்தவர்கள்மீது 2017-லிருந்து கேரளக் காவல்துறை வழக்குப் போட்டது. வரிப் பாக்கி என்பதோடு நிற்காமல் போலி ஆவணம் என்ற குற்றமாகவும் அது போனது. ஆர்.சி.யில் இருக்கும் முகவரி நீங்கள் உண்மையில் குடியிருக்கும் முகவரியாக இருக்க வேண்டும்.

இன்னொரு தவறான நம்பிக்கையும் இங்கே பரவலாக இருக்கிறது. வெளி மாநில எண்ணில் 12 மாதம் வரை ஓட்டலாம் என்பது. மோட்டார் வாகனச் சட்டத்தின் 47-ஆம் பிரிவில் அந்த 12 மாதம் இருப்பது உண்மைதான். அது, வண்டியின் பதிவு உரிமையாளரே வேறு மாநிலத்தில் வண்டியை வைத்திருப்பதற்கான கணக்கு. வண்டி கைமாறிவிட்டால் 50-ஆம் பிரிவு வருகிறது. வாங்கியவர் 30 நாளுக்குள் தன் குடியிருப்பு எல்லைக்குட்பட்ட அலுவலகத்தில் தெரிவித்தாக வேண்டும். விற்றவருக்கும் கெடு உண்டு: ஒரே மாநிலத்துக்குள் விற்றால் 14 நாள், வெளி மாநிலத்துக்கு என்றால் 45 நாளுக்குள், பழைய அலுவலகம் தரும் ஆட்சேபனையில்லாச் சான்றோடு (என்.ஓ.சி.).

படிவங்கள்

விற்பவர் கையெழுத்திடும் படிவம் 29, இருவரும் கையெழுத்திடும் படிவம் 30. இவை இரண்டும் பெயர்மாற்றத்துக்கு அடிப்படை. வெளி மாநில வண்டி என்றால் அங்கிருந்து படிவம் 28-இல் என்.ஓ.சி., இங்கே புதிய எண் கேட்டு படிவம் 27. கடன் இருந்தால் படிவம் 35-உம் வங்கியின் கடிதமும் வேண்டும். என்.ஓ.சி. கேட்டு விண்ணப்பித்தால் 30 நாளுக்குள் அலுவலகம் பதில் சொல்ல வேண்டும் என்கிறது 48-ஆம் பிரிவு. மறுப்பதென்றால் காரணத்தை எழுத்தில் தெரிவிக்க வேண்டும்.

இந்தக் கார்களில் கடன் விஷயம் தனிக் கவனத்துக்குரியது. பெரும்பாலும் கம்பெனி பெயரிலோ லோனிலோதான் வாங்கப்பட்டிருக்கும். மத்திய அரசின் போக்குவரத்து இணையதளமான பரிவாகனில் வண்டி எண்ணைப் போட்டால் கடன் குறிப்பு, நிலுவை அபராதங்கள், இன்சூரன்ஸ் தேதி எல்லாம் தெரியும். "லோன் முடிஞ்சிட்டு, ஹெச்.பி. கேன்சல் பண்ணாம கிடக்கு" என்று (ஹெச்.பி. என்றால் ஆர்.சி.யிலுள்ள கடன் குறிப்பு) சொன்னால், கேன்சல் பண்ணிய பிறகு வரச் சொல்லுங்கள். கம்பெனி வண்டி என்றால் விற்பதற்கான இயக்குநர் குழுத் தீர்மானத்தின் நகலையும் கையெழுத்திடுபவருக்கு அதிகாரம் உண்டு என்ற கடிதத்தையும் வாங்கிக்கொள்ளுங்கள்.

கட்டணத்திலும் ஒரு வித்தியாசம் இருக்கிறது. சாதாரணக் காருக்குப் பெயர்மாற்றக் கட்டணம் 300 ரூபாய். இறக்குமதி வண்டி என்று பதிவானதற்கு 2,500. வெளி மாநிலத்திலிருந்து வந்து புதிய எண் வாங்க இறக்குமதி வண்டிக்கு 5,000. வண்டியின் விலைக்கு முன் இது பெரிய தொகையில்லை. 15 வருடம் முடிந்து பதிவைப் புதுப்பிக்கும்போதுதான் வலிக்கும். 20 வருடத்தைத் தாண்டிய இறக்குமதிக் காருக்கு 2025 ஆகஸ்டில் அந்தக் கட்டணம் 80,000 ஆக்கப்பட்டது. பழைய மாடல்மீது ஆசை உள்ளவர்கள் இதையும் கணக்கில் சேருங்கள்.

வண்டி இந்தியாவுக்குள் வந்த வழி

பெராரி, லம்போர்கினி, போர்ஷே போன்றவை முழு வண்டியாகவே கப்பலில் வருபவை. கம்பெனியின் அங்கீகரிக்கப்பட்ட டீலர் வழியாக இங்கே முதல் விற்பனை ஆகியிருந்தால், அந்த முதல் இன்வாய்ஸ் போதுமான சான்று. தனி ஆள் இறக்குமதி செய்தது என்றால் சுங்கத்துறையின் இறக்குமதி ஆவணமான பில் ஆஃப் என்ட்ரியைக் கேட்டு, அதிலுள்ள சேஸிஸ் எண்ணை வண்டியில் பொறித்திருப்பதோடும் ஆர்.சி.யோடும் ஒவ்வோர் எழுத்தாக ஒப்பிட வேண்டும்.

கேரளத்தில் 2025 செப்டம்பரில் சுங்கத்துறை நடத்திய சோதனைகளை நினைவில் வையுங்கள். பூட்டான் வழியாக வரி கட்டாமல் கொண்டுவரப்பட்டு, வெளி மாநிலங்களில் பதிவு வாங்கிய விலையுயர்ந்த வண்டிகள் என்று சந்தேகித்துப் பலவற்றைக் கைப்பற்றினார்கள். அவற்றைப் பணம் கொடுத்து வாங்கியவர்கள், ஆர்.சி. கையில் இருந்தும், விசாரணைக்குப் பதில் சொல்ல வேண்டிவந்தது. ஆர்.சி. இருப்பதால் மட்டும் சுங்கவரி கட்டியாயிற்று என்று ஆகாது.

கார்னெட் என்ற ஏற்பாட்டில் சுற்றுலாவாக வரும் வண்டிகள் வரி கட்டாமல் வருபவை. கெடு முடிந்ததும் திரும்பிப் போக வேண்டும், இங்கே விற்க முடியாது. தூதரகத்தார் வரிவிலக்கோடு கொண்டுவந்த வண்டியை விற்க அரசு அனுமதியும் சுங்கவரியும் வேண்டும். இந்த இரண்டு வகையும் மலிவாகச் சந்தைக்கு வந்தால் விலகிவிடுங்கள்.

வளைகுடாவில் இருப்பவர்கள் அடிக்கடி கேட்பது: "நான் அங்க ஓட்டுன மஸ்டாங்கை ஊருக்குக் கொண்டுவரலாமா?" துபாய், சவுதி, கத்தார் வண்டிகளில் ஸ்டீயரிங் இடப்பக்கம். இந்திய இறக்குமதி விதி, பழைய கார் என்றால் ஸ்டீயரிங் வலப்பக்கம் இருக்க வேண்டும் என்கிறது. தயாரித்து 3 வருடத்துக்கு மேல் ஆகியிருக்கக் கூடாது. வேகமானி கிலோமீட்டரில் காட்ட வேண்டும். முகப்பு விளக்கு இடப்பக்கம் ஓட்டும் சாலைக்கு ஏற்றதாக இருக்க வேண்டும். இறக்குமதி ஆன நாளிலிருந்து குறைந்தது 5 வருடம் ஓடத் தகுதியானது என்ற சான்றும் வேண்டும். இறக்குவதும் மும்பைத் துறைமுகத்தில் மட்டும். கொச்சியிலோ தூத்துக்குடியிலோ இறக்க முடியாது. முதல் நிபந்தனையிலேயே வளைகுடா வண்டி நின்றுவிடுகிறது. அங்கேயே விற்றுவிட்டு வருவதுதான் சரி. கப்பலில் ஏற்றிய பிறகு இது தெரியவந்து நொந்தவர்களுக்கு யாராலும் உதவ முடியாது.

டீலரிடம் வாங்கினால், ஆளிடம் வாங்கினால்

2023 ஏப்ரல் 1 முதல் பழைய வண்டி வியாபாரிகளுக்கு அங்கீகாரச் சான்று உண்டு. அது படிவம் 29-பி. 5 வருடம் செல்லும். உரிமையாளர் வண்டியை அவர்களிடம் ஒப்படைக்கும்போது படிவம் 29-சி-யை பரிவாகனில் பதிய வேண்டும். பதிந்தால் அந்த டீலரே உரிமையாளராகக் கருதப்பட்டு, என்.ஓ.சி.க்கும் பெயர்மாற்றத்துக்கும் தானே விண்ணப்பிக்கலாம். வாங்குபவருக்கு இது நல்ல பாதுகாப்பு. பொறுப்பேற்க ஒரு ஆள் சட்டப்படி இருக்கிறார். 29-பி-யைக் காட்டச் சொல்லிக் கேட்பது அவமரியாதை அல்ல, உங்கள் உரிமை.

ஜி.எஸ்.டி. பதிவுள்ள வியாபாரியின் லாபத்தின்மீது 18 சதவீத ஜி.எஸ்.டி. உண்டு, முழு விலைமீது அல்ல. தனி மனிதர் தன் சொந்தக் காரை விற்றால் ஜி.எஸ்.டி. இல்லை. 10 லட்சத்துக்கு மேல் வியாபாரியிடம் வாங்கும்போது 1 சதவீதம் டி.சி.எஸ். (விற்பவரே வசூலித்து அரசுக்குக் கட்டும் வருமான வரி) பிடிப்பார்கள், அதை உங்கள் வருமான வரிக் கணக்கில் கழித்துக்கொள்ளலாம். ஒரே பரிவர்த்தனைக்கு 2 லட்சமோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்குவது வருமான வரிச் சட்டப்படி தடை. "பாதி பணம் கையில கொடுங்க" என்பவரிடம் வாங்கினால் நீங்கள் கொடுத்ததற்கு ஆதாரமும் இருக்காது.

"அண்ணே, பேரெல்லாம் பெறவு மாத்திக்கிடலாம், இப்ப ஓட்டுங்க" என்று ஓப்பன் டிரான்ஸ்பரில், அதாவது வாங்குபவர் பெயரை நிரப்பாமல், கையெழுத்துப் போட்ட காகிதத்தை நீட்டுவார்கள். வாங்காதீர்கள். நீங்கள் விற்பவராக இருந்தாலும் கொடுக்காதீர்கள். ஆர்.சி.யில் யார் பெயர் இருக்கிறதோ அவரே விபத்து இழப்பீட்டுக்குப் பொறுப்பு என்று 2018-இல் உச்ச நீதிமன்றம் நவீன் குமார் வழக்கில் தெளிவாகச் சொல்லிவிட்டது. வண்டி நாலு கை மாறியிருந்த வழக்கு அது.

இன்சூரன்ஸில், மூன்றாம் நபருக்கான காப்பீடு வண்டியோடு வாங்கியவருக்கு வந்துவிடும். வண்டிக்கே ஏற்படும் சேதத்துக்கான பகுதி அப்படித் தானாக வராது. 14 நாளுக்குள் கம்பெனிக்கு எழுதிப் பெயரை மாற்றுங்கள். நோ க்ளெய்ம் போனஸ் (க்ளெய்ம் கேட்காத வருடங்களுக்கான பிரீமியத் தள்ளுபடி) விற்றவருடையது, உங்களுக்கு வராது, பிரீமியம் கூடும். ஐப்பசி மழையில் தண்ணீரில் மாட்டும் தாழ்வான வண்டிக்கு எஞ்சின் பாதுகாப்பு சேர்ப்பை விட்டுவிடாதீர்கள். பழைய க்ளெய்ம் வரலாறும் கேளுங்கள்: சென்னையில் 2015, 2023 டிசம்பர் வெள்ளத்தில் நனைந்த வண்டிகள் துடைத்துப் பளபளவென்று வேறு ஊருக்கு வந்துவிடும்.

மாற்றிய சைலன்சர், மாற்றிய நிறம்

முந்தைய உரிமையாளர் செய்த மாற்றங்கள் உங்கள் தலையில் விழும். கம்பெனி விவரக் குறிப்புக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது என்பது 52-ஆம் பிரிவு; 2019-இல் உச்ச நீதிமன்றமும் அதை உறுதிசெய்தது. உரிமையாளருக்கு ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் வரை அபராதமோ 6 மாதம் வரை சிறையோ விதிக்க முடியும். மஞ்சள் வண்டி ஆர்.சி.யில் வெள்ளை என்று இருந்தால் முதலில் ஆர்.சி.யில் நிறத்தைத் திருத்த வேண்டும். சத்தமான சைலன்சர் இருந்தால் அசல் சைலன்சரையும் சேர்த்து வாங்கி மாட்டிவிட்டு, பிறகு ஆய்வாளரிடம் வண்டியைக் காட்டுங்கள்.

எல்லாக் காகிதமும் சரியாக இருந்தும் பதிவோ பெயர்மாற்றமோ மறுக்கப்பட்டால், உத்தரவை எழுத்தில் கேட்டு வாங்குங்கள். அது கையில் கிடைத்த நாளிலிருந்து 30 நாளுக்குள் 57-ஆம் பிரிவின்படி மேல்முறையீடு செய்யலாம். வாய்மொழியாக "முடியாது, போய்ட்டு வாங்க" என்று சொன்னதை எதிர்த்து மேல்முறையீடு செய்ய முடியாது. அதனால் விண்ணப்பத்தை ஆன்லைனில் பதிந்து, ஒப்புகைச் சீட்டின் எண்ணைப் பத்திரமாக வைத்துக்கொண்ட பிறகே அலுவலகத்துக்குப் போங்கள்.