எஸ்எம்ஏ-வ வெறும் பாலிஸ்டைரீன்னு நினைச்சு மெஷின்ல போடாதீங்க

கொஞ்ச நாள் முன்னாடி பிளாஸ்டிக்க உருக்கி அச்சுல செலுத்தி பார்ட் பண்ற ஒரு மோல்டிங் யூனிட்ல இருந்து போன். பார்ட் மேல எல்லாம் வெள்ளி கோடு கோடா வருது சார், டை பாலிஷ் பண்ணிட்டோம், ஸ்பீடு குறைச்சிட்டோம், டெம்பரேச்சர் ஏத்தியும் பாத்துட்டோம், போகவே மாட்டேங்குதுன்னு. டெம்பரேச்சர் ஏத்தினோம்னு சொன்ன உடனேயே எனக்கு கொஞ்சம் பயம் வந்துடுச்சு. மெட்டீரியல் என்னன்னு கேட்டா "ஒரு ஸ்டைரீன் கிரேடு தான்"ங்கிறாங்க. பையில என்ன எழுதியிருக்குன்னு படிக்க சொன்னா ஸ்டைரீன் மலெயிக் அன்ஹைட்ரைடு, அதான் எஸ்எம்ஏ, ஸ்டைரீனும் மலெயிக் அன்ஹைட்ரைடும் சேர்ந்து கோர்த்த பிளாஸ்டிக். ஈரம் போக டிரையர்ல போட்டு காய வைக்கவே இல்ல. பாலிஸ்டைரீன் ஓட்டிப் பழகின கைக்கு டிரையர் ஞாபகம் வராது, அவங்கள குத்தம் சொல்லி பிரயோஜனம் இல்ல, யாராவது முன்னாடியே சொல்லியிருக்கணும். அதுக்குத்தான் இத எழுதுறேன்.

பேர்ல இருக்கற ரெண்டாவது பாதி தான் விஷயமே. ஸ்டைரீன்ல எலக்ட்ரான் அதிகம், மலெயிக் அன்ஹைட்ரைடு எலக்ட்ரானுக்கு ஏங்குற மூலக்கூறு, அது தன்னோட தானே சேர்ந்து செயின் கட்டறது ரொம்ப அபூர்வம், ஆனா ஸ்டைரீன் பக்கத்துல வந்தா உடனே பிடிச்சுக்கும். அதனால சாதாரண வெப்பத்துல வினை நடந்தா ஒண்ணு விட்டு ஒண்ணு, ஒண்ணு விட்டு ஒண்ணுன்னு கோர்த்த மாதிரி 1:1 செயின் தான் வரும். மோல்டிங்குக்கு வேண்டியது அது இல்ல, அன்ஹைட்ரைடு கம்மியா செயின் முழுக்க சிதறி இருக்கணும், அதுக்கு ரியாக்டர்ல மலெயிக் அளவ எப்பவும் குறைச்சலாவே வச்சு கொஞ்சம் கொஞ்சமா விட்டு, ஹை டெம்பரேச்சர்ல தொடர்ச்சியா ஓட்டுவாங்க.

அந்த அன்ஹைட்ரைடு செயின்ல ஒரு வளையமா நின்னு அத விறைப்பாக்கிடுது. பாலிஸ்டைரீன் 100 டிகிரி கிட்ட இளகிடும், இதுல அன்ஹைட்ரைடு ஒவ்வொரு சதவீதம் ஏறும்போதும் சுமாரா 2 டிகிரி கூடும்னு வச்சுக்கலாம், 14 சதவீதம் கிட்ட போனா 125-130 வரைக்கும் தாங்கும், 1:1 கிரேடுன்னா 150க்கும் மேல. வெயில்ல நிக்கிற காரோட டேஷ்போர்டு உள்கூடு நெளியாம இருக்கணும்னு கிளாஸ் ஃபைபர் கலந்த எஸ்எம்ஏ போட்டதுக்கு காரணம் இதான். கிளாஸ் மேல இருக்கற அமினோ சைலேன் கோட்டிங்ல அமீன்ங்கிற நைட்ரஜன் தொகுதி இருக்கு, அதோட அன்ஹைட்ரைடு வினை புரிஞ்சு பிடிச்சுக்கும், அதனால ஃபைபர் உருவிட்டு வராது. இதே குணத்த வச்சு தான் நைலானையும், ஏபிஎஸ்ங்கிற இன்னொரு ஸ்டைரீன் வகை பிளாஸ்டிக்கையும் சேர்க்கறாங்க. சும்மா கலந்தா ரெண்டும் ஒட்டாம உரிஞ்சு வரும், நடுவுல கொஞ்சம் எஸ்எம்ஏ போட்டா நைலானோட அமீன் முனை அன்ஹைட்ரைட பிடிச்சுக்கும், ஸ்டைரீன் பகுதி ஏபிஎஸ் பக்கம் சேர்ந்துக்கும்.

ஆனா அமீனோட இவ்ளோ ஆசையா சேர்ற பொருள் தண்ணியோட மட்டும் சும்மா இருக்குமா? வளையம் தண்ணிய வாங்கிட்டு ஆசிடா திறக்கும், பேரல் (மெஷின்ல பிளாஸ்டிக்க உருக்கற குழாய்) சூட்டுல மறுபடி மூடிக்கும்போது அந்த தண்ணி ஆவியா வெளிய வரும். கிரானுல் மேல ஒட்டின ஈரமும் அதோட சேர்ந்துக்கும். அந்த ஆவி தான் வெள்ளிக் கோடு. 80-90 டிகிரில 2லிருந்து 4 மணி நேரம் காய வச்சா பெரும்பாலும் சரியாயிடும், உங்க கிரேடு டேட்டா ஷீட்ல என்ன போட்டிருக்கோ அத ஃபாலோ பண்ணுங்க, காய வச்சத திறந்த ஹாப்பர்ல (மெஷினுக்கு மெட்டீரியல் கொட்டற தொட்டி) மதியம் வரைக்கும் விட்டுட்டு சாப்பிட போகாதீங்க.

டெம்பரேச்சர் ஏத்தினோம்னு சொன்னப்ப நான் பயந்தது ஏன்னா, எஸ்எம்ஏ ரொம்ப சூடானா அன்ஹைட்ரைடு உடைஞ்சு கார்பன் டை ஆக்சைடு வரும். காரமோ அமீனோ கலந்திருந்தா இன்னும் சீக்கிரம். உருகின பிளாஸ்டிக்க பேரல்லயே நிறுத்தி வச்சா உள்ள கேஸ் பிரஷர் ஏறி நாஸில் வழியா தெறிக்கும், முகத்துக்கு நேரா. ஷட் டவுன் பண்ணும்போது பேரல காலி பண்ணி சுத்தமான பாலிஸ்டைரீன் விட்டு பர்ஜ் பண்ணுங்க, அதாவது உள்ள மிச்சமிருக்கறத தள்ளி வெளியேத்துங்க. முன்னாடி நைலான் ஓடின பேரல்னா சுத்தம் பண்ணாம எஸ்எம்ஏ போடவே கூடாது, ஜெல் ஜெல்லா வரும். ஸ்கிராப்பும் அப்படித்தான், அன்ஹைட்ரைடு 8 சதவீத கிரேடையும் 18 சதவீத கிரேடையும் ரெண்டும் எஸ்எம்ஏ தானேன்னு ஒண்ணா அரைச்சா ஒண்ணோட ஒண்ணு கலக்காம தனித்தனியா நின்னு பார்ட் உடையும்.

சின்ன செயின் எஸ்எம்ஏ ரெசின் வேற உலகம். மை, பெயிண்ட்ல பிக்மென்ட் பிரிக்க, பேப்பர் மேல பூச, ஃப்ளோர் பாலிஷ்ல, எபாக்சி சர்க்யூட் போர்டுல ஹார்டனரா எல்லாம் இது போகுது. தண்ணில கொட்டி கலக்கிட்டு கரையலையேன்னு சப்ளையர திட்றவங்கள பாத்திருக்கேன். வெறும் தண்ணில கரையாது, அம்மோனியா இல்ல காஸ்டிக் சேர்த்து சூடு பண்ணி வளையத்த திறந்து உப்பா மாத்தினாத்தான் கரையும். வாங்கும்போது ஆசிட் நம்பர், அதாவது ரெசின்ல எவ்ளோ ஆசிட் இருக்குன்னு காட்டற எண், அத கேளுங்க, ஸ்டைரீனும் மலெயிக்கும் 1:1 ஆன ரெசினுக்கு 480 சுமார், 2:1க்கு 355, 3:1க்கு 285. ஒண்ணு கேட்டு இன்னொண்ணு வந்தா ஃபார்முலா மொத்தமும் போச்சு.

இதே கரைஞ்ச வடிவம் தான் பயாலஜி லேப்ல செல் சவ்வ வட்டமா வெட்டி எடுக்குது, புரதமும் அத சுத்தின கொழுப்பும் சேர்ந்தே சுமார் 10 நானோமீட்டர் தட்டுல வந்துடும், சோப்பு மாதிரி டிடர்ஜென்ட் தேவையில்ல. எனக்கு ரொம்ப பிடிச்ச பயன்பாடு இது. அமிலம் ஏறினா, இல்ல மக்னீசியம் கால்சியம் ரொம்ப கொஞ்சம் (சில மில்லிமோலார்) தாண்டினா திரிஞ்சு படிஞ்சிடும்ங்கிறத மட்டும் மறக்காதீங்க. மருந்துலயும் வந்திருக்கு, நியோகார்சினோஸ்டாட்டின்ங்கிற புற்றுநோய் மருந்தோட எஸ்எம்ஏ-வ இணைச்சத 1990கள்லயே கல்லீரல் புற்றுக்கு ஜப்பான்ல அனுமதிச்சாங்க.

மருந்துல இருக்குன்னா அப்ப ஆபத்து இல்லன்னு மட்டும் எடுத்துக்காதீங்க. செயினா ஆன பாலிமர் ஒண்ணு, அத செய்ய வாங்கற மலெயிக் அன்ஹைட்ரைடு வேற ஒண்ணு. அந்த பிரிக்கெட் இல்ல பவுடர் பைய பிரிக்கும்போது வர்ற தூசி கண்ணையும் தோலையும் அரிக்கும், அதவிட மோசம் மூச்சுக்குழாய். ஒரு தடவ உடம்பு அதுக்கு அலர்ஜி ஆயிடுச்சுன்னா அப்புறம் துளி தூசி போதும், ஆஸ்துமா மாதிரி இழுக்கும். என்னோட வேலை பாத்த ஒருத்தர் ஞாயித்துக்கிழமை நல்லா இருப்பார், திங்கக்கிழமை ஷிஃப்ட் முடிஞ்சு ராத்திரி இருமல் ஆரம்பிக்கும், சளிதான்னு நாங்களே ரொம்ப நாள் விட்டுட்டோம். கடைசில அவர அந்த செக்ஷன்ல இருந்தே மாத்த வேண்டியதா போச்சு. துணி மாஸ்க் இதுக்கு பத்தாது, தூசியும் ஆவியும் ரெண்டையும் நிறுத்தற ரெஸ்பிரேட்டரும் பை பிரிக்கற இடத்துலயே எக்ஸாஸ்டும் வேணும். ஸ்டைரீன் ஆவிக்கும் எக்ஸாஸ்ட் கட்டாயம், 2018ல உலக சுகாதார அமைப்போட புற்றுநோய் ஆராய்ச்சி அமைப்பு ஐஏஆர்சி அத மனுஷனுக்கு புற்றுநோய் தர அனேகமா வாய்ப்பிருக்குங்கிற 2ஏ பட்டியலுக்கு மாத்தினாங்க. உங்க செக்ஷன்ல யாருக்காவது லீவுல குறைஞ்சு வேலை நாள்ல ஏறுற இருமல் இருந்தா மெடிக்கல் ஷாப்ல சிரப் வாங்கி சமாளிக்க விடாதீங்க, பையில இருக்கற பேர எழுதிக்கிட்டு டாக்டர்கிட்ட கூட்டிட்டு போங்க.