படிவம் சி கேட்டு வாங்குங்கள்: மழைக்காட்டைக் காக்கும் உரிமை ஊருக்கே உண்டு

மேற்குத் தொடர்ச்சி மலையின் மழைக்காட்டுக்குள்ளோ அதன் ஓரத்திலோ தலைமுறைகளாக வாழும் ஊருக்கு, அந்தக் காட்டைப் பாதுகாக்கவும் நிர்வகிக்கவும் சட்டப்படி உரிமை உண்டு. 2006-ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டம் இதற்குச் சமூக வன வள உரிமை என்று பெயர் வைத்திருக்கிறது. விண்ணப்பிக்கக் கட்டணம் கிடையாது. சட்டத்தின் கதை இவ்வளவு போதும். ஆபீஸில் என்ன நடக்கும் என்பதுதான் நமக்கு முக்கியம்.

முதல் சிக்கல் படிவத்திலேயே இருக்கிறது. படிவம் ஏ தனிநபர் நிலத்துக்கு. படிவம் பி தேன், குங்கிலியம், மீன், மேய்ச்சல் போன்ற பொது உரிமைகளுக்கு. காட்டைக் காத்து நிர்வகிக்கும் அதிகாரத்துக்குப் படிவம் சி. பல இடங்களில் ஏ-யை மட்டும் நீட்டுவார்கள். கொஞ்சம் சத்தம் போட்டால் பி வரும். "அதான் ஊருக்குக் கொடுத்தாச்சே" என்று அதோடு பேச்சை முடித்துவிடுவார்கள். பி-யையும் சி-யையும் ஒரே கூட்டத்தில் நிறைவேற்றி ஒன்றாகக் கொடுங்கள்.

அடுத்து, "உங்க ஊர்லதான் கிராம வனக் குழு இருக்கே, அது போதாதா?" என்பார்கள். போதாது. அது வனத்துறை அமைத்த குழு. இந்தச் சட்டத்துக்கு வேண்டியது, கிராம சபை தானே தேர்ந்தெடுக்கும் வன உரிமைக் குழு. அதில் 10 முதல் 15 பேர். மூன்றில் ஒரு பங்காவது பெண்கள். பழங்குடிகள் வாழும் ஊரென்றால் மூன்றில் இரண்டு பங்காவது அவர்கள்.

கிராம சபை எங்கே கூட வேண்டும் என்பதிலும் ஏமாற்றுவார்கள். அடிவாரத்தில் ஊராட்சி அலுவலக வாசலில் கூட்டம் நடத்தினால், மலைக் குடியிருப்பிலிருந்து எத்தனை பேர் போக முடியும்? பழைய குடியிருப்புகளும் வனக் கிராமங்களும், அரசுப் பதிவேட்டில் ஊராக இல்லாவிட்டாலும், இந்தச் சட்டப்படி ஊர்தான். உங்கள் செட்டில்மென்ட்டிலேயே சபை கூட்டச் சொல்லுங்கள். மொத்த உறுப்பினர்களில் பாதிப் பேர் வர வேண்டும், வந்தவர்களில் மூன்றில் ஒரு பங்கு பெண்களாக இருக்க வேண்டும். இதில் ஓர் ஆள் குறைந்தாலும் கோப்பு திரும்பி வரும். தீர்மான நோட்டில் வெற்றுத்தாளில் மட்டும் கையெழுத்துப் போடாதீர்கள். "அப்புறம் எழுதிக்கலாம்" என்பவர் யாராக இருந்தாலும் சரி.

யாருக்குத் தகுதி? பழங்குடிகள் 2005 டிசம்பர் 13-க்கு முன்பிருந்தே காட்டில் இருந்திருக்க வேண்டும். மற்றவர்களுக்கு அந்தத் தேதிக்கு முந்தைய 75 ஆண்டுகள், அதாவது மூன்று தலைமுறை. இதைக் கேட்டதும் நிறையப் பேர் மனுவைக் கிழித்துப் போட்டுவிடுகிறார்கள். 75 ஆண்டுப் பத்திரம் எதுவும் தேவையில்லை. அங்கே வாழ்ந்ததையும் காட்டை நம்பிப் பிழைத்ததையும் காட்டினால் போதும். மனுதாரர் அல்லாத ஒரு முதியவரின் வாக்குமூலத்தை எழுதி வாங்குங்கள்: எந்த ஓடையிலிருந்து எந்தப் பாறை வரை தேன் எடுத்தார்கள், யாரை எங்கே புதைத்தார்கள் என்று. அது ஒரு சான்று. பழைய சுடுகாடு, கோயில் மரம், கிணறு, வரப்பு இவற்றில் ஒன்று இன்னொரு சான்று. ஒன்றுக்கு மேல் இருந்தால் போதும். குறிப்பிட்ட ஆவணம்தான் வேண்டும் என்று அடம்பிடிக்க விதியில் இடமில்லை.

தமிழ்நாட்டில் பழங்குடிச் சாதிச் சான்றிதழ் தருபவர் கோட்டாட்சியர் அல்லது சார் ஆட்சியர். உங்கள் மனுவைப் பரிசீலிக்கும் உட்கோட்டக் குழுவுக்குத் தலைவரும் அவரேதான். "சான்றிதழ் எங்கே?" என்று அதே மேசை கேட்கும்! முதலில் சான்றிதழுக்கு எழுதிப் போடுங்கள்.

காட்டின் எல்லையை நடந்து சரிபார்க்கும் நாளை வனத்துறைக்கும் வருவாய்த் துறைக்கும் எழுத்தில் தெரிவித்து, ஒப்புகை வாங்கி வையுங்கள். வந்தவர்கள் பதவி, தேதி, கருத்து எழுதிக் கையெழுத்திட வேண்டும். "பார்வையிட்டேன்" என்று ஒற்றை வார்த்தையில் நழுவ விடாதீர்கள். வராமல் இருந்துவிட்டுப் பின்னால் ஆட்சேபித்தால் மறுபடி ஒருமுறை அழையுங்கள். அப்போதும் வராவிட்டால் கிராம சபை முடிவே இறுதி. பக்கத்து ஊரோடு எல்லை மோதினால் இரண்டு ஊர்க் குழுக்களும் முன்கூட்டியே உட்கார்ந்து பேசி, சேர்ந்து கையெழுத்திட்டு விடுங்கள். "உங்களுக்குள்ளேயே தகராறு" என்பது கோப்பைக் கிடப்பில் போட அருமையான சாக்கு.

அப்புறம் வாய்மொழி மறுப்புகள். "இது புலிகள் காப்பகம்" என்பார்கள். சரணாலயமும் தேசியப் பூங்காவும் இந்தச் சட்டத்துக்குள் வருகின்றன. வேட்டைக்கு மட்டும்தான் உரிமை இல்லை. கேரளத்தில் வாழச்சால் மழைக்காட்டின் காடர் பழங்குடிக் குடியிருப்புகள் ஒன்பதுக்கு 2014-லேயே இந்த உரிமை கிடைத்துவிட்டது. "கடைசித் தேதி போச்சு" என்பார்கள். கிராம சபை காரணம் எழுதி நீட்டித்துக்கொள்ளலாம். "கோர்ட்டு தடை" என்பார்கள். 2008-ல் வந்த தடையால் தமிழ்நாட்டில் வன உரிமைப் பட்டா வழங்குவது முடங்கியது உண்மைதான், 2016-ல் அது விலகியும் விட்டது.

வாயால் சொன்ன மறுப்பு மறுப்பே அல்ல. காரணத்தோடு எழுத்தில் கேளுங்கள். எழுத்தில் வந்த 60 நாளுக்குள் மேல்முறையீடு செய்ய வேண்டும். கிராம சபை முடிவை எதிர்த்து உட்கோட்டக் குழுவுக்கு, உட்கோட்டக் குழு முடிவை எதிர்த்து ஆட்சியர் தலைமையிலான மாவட்டக் குழுவுக்கு. நேராக ஆட்சியரிடம் போனால் திருப்பி அனுப்புவார்கள். பரிசீலனை முடியும்வரை யாரையும் வெளியேற்ற முடியாது. சட்டத்தை மீறும் அதிகாரிக்கு அபராதம் அதிகபட்சம் 1,000 ரூபாய். அவர்கள் அவசரப்படாததில் ஆச்சரியமென்ன?

பட்டா கைக்கு வந்ததும் இனிப்பு கொடுக்குமுன் அதைப் படியுங்கள். கிராம சபை பெயரில் இருக்கிறதா, நீங்கள் நடந்த எல்லைதான் வரைபடத்தில் இருக்கிறதா, சட்டத்தில் இல்லாத நிபந்தனையைக் கீழே சேர்த்திருக்கிறார்களா என்று பாருங்கள். தவறிருந்தால் அன்றே திருத்தக் கேட்டு எழுதிக் கொடுத்து, நகலில் முத்திரை வாங்குங்கள். தேனையும் குங்கிலியத்தையும் கீழே கொண்டுபோக அனுமதிச் சீட்டு தருவது இனி கிராம சபையின் குழுதான். செக்போஸ்ட்டில் வேறு சீட்டு கேட்டால், விதியின் நகலைக் காட்டுங்கள்.