ஊட்டிக்குப் போகும் பழைய காருக்குச் சோக் வேலை செய்கிறதா?

கார்த்திகை தீபம் கழிந்த 21ஆம் நாள் பிள்ளையார் நோன்பு. அதற்காகச் செட்டிநாட்டு ஊர்களுக்கு வருகிறவர்கள், பூட்டிக் கிடந்த கொட்டகையைத் திறந்து அப்பா ஓட்டிய அம்பாசடரையோ பத்மினியையோ கிளப்பிப் பார்க்க ஆசைப்படுவார்கள். நோன்பு முடிந்ததும் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு அதே காரில் ஊட்டிக்குக் கிளம்புகிறவர்களும் உண்டு. காரைக்குடியில் பட்டறை வைத்திருக்கும் எனக்கு, மார்கழியிலும் தையிலும் விடியுமுன் தொலைபேசி அடித்தால் அது பெரும்பாலும் கார் கிளம்பவில்லை என்று மலையிலிருந்துதான் வரும்.

போன தையில் தேவகோட்டைப் பக்கத்துப் பெரியவர் ஒருவர் அழைத்தார். குடும்பத்தோடு ஊட்டியை அடுத்த தலைகுந்தா அருகே தங்கியிருந்தார். புல்லெல்லாம் உறைபனியில் உப்புப் பூத்தது போல வெளுத்துக் கிடந்ததாம். அம்பாசடர் கிளம்பவில்லை. உதவிக்கு வந்த ஒருவர் ஏர் கிளீனரைக் கழற்றிவிட்டு, காற்றையும் பெட்ரோலையும் கலந்து என்ஜினுக்கு அனுப்பும் கார்புரேட்டரின் வாயில் பாட்டிலிலிருந்து பெட்ரோலை ஊற்றியிருக்கிறார். செல்ஃப் அடித்ததும் என்ஜின் திருப்பி அடித்துத் தீ மேலே எழும்பிவிட்டது. "தம்பி, கம்பளியைப் போட்டு அணைத்துவிட்டோம். ஆனால் உதவிக்கு வந்தவருடைய கை வெந்துவிட்டது" என்றார். அவர் குரல் நடுங்கியது.

தயவுசெய்து யாரும் இதைச் செய்யாதீர்கள். குளிரில் பெட்ரோல் பற்றாது என்று நினைத்துத்தான் பலர் துணிகிறார்கள். பூஜ்யத்துக்குக் கீழே 40 டிகிரியிலும் பெட்ரோலின் ஆவி பற்றிக்கொள்ளும். ஊட்டிக் குளிர் அதற்கு ஒரு பொருட்டே இல்லை.

பெட்ரோல் திரவமாக எரிவதில்லை, ஆவியாகித்தான் எரிகிறது. என்ஜின் சூடாக இருக்கும்போது எடைக் கணக்கில் ஒரு பங்கு பெட்ரோலுக்குச் சுமார் 15 பங்கு காற்று போதும். என்ஜின் குளிர்ந்திருந்தால், உள்ளே போகும் பெட்ரோலில் சிறு பகுதிதான் ஆவியாகும். மீதி குழாய்ச் சுவரில் ஈரமாக ஒட்டிக்கொள்ளும். அந்தக் குறையை ஈடுகட்ட வேண்டுமானால் பெட்ரோலைக் கூட்டிக் கொடுக்க வேண்டும். சோக் இருப்பது இதற்காகத்தான். ஓட்டுநர் பக்கத்திலிருக்கும் சோக் குமிழை இழுத்தால், கார்புரேட்டரின் காற்று வழியை ஒரு தகடு அடைக்கும். காற்று குறைந்து உறிஞ்சும் விசை கூடுவதால் பெட்ரோல் அதிகமாக ஏறும். எஸ்.யு. என்ற வகைக் கார்புரேட்டரில் இந்தத் தகடு கிடையாது. அதில் குமிழை இழுத்தால் அடியிலிருக்கும் ஜெட், அதாவது பெட்ரோல் வரும் சிறு குழல், கீழிறங்கி அதே வேலையைச் செய்யும்.

நம் ஊரில்தான் சிக்கல் தொடங்குகிறது. காரைக்குடி வெயிலில் சோக்கை இழுக்க வேண்டிய தேவையே வருவதில்லை. குமிழையும் கார்புரேட்டரையும் இணைக்கும் கம்பி, பத்து வருடம் தொடாமல் இருந்தால் உறைக்குள் துருப்பிடித்து இறுகிவிடும், அல்லது முனையில் திருகு தளர்ந்து கிடக்கும். உள்ளே குமிழ் மட்டும் அழகாக வெளியே வரும். கார்புரேட்டரில் ஒன்றும் அசையாது. ஓட்டுகிறவருக்கு இது தெரிய வழியே இல்லை. மலைக்குப் போகுமுன் பானட்டைத் திறந்து, ஏர் கிளீனரைக் கழற்றி, ஒருவரைக் குமிழை இழுக்கச் சொல்லிவிட்டு நீங்கள் உற்றுப் பாருங்கள். தகடு முழுதாக மூடவும் வேண்டும், குமிழை உள்ளே தள்ளினால் முழுதாகத் திறக்கவும் வேண்டும். எஸ்.யு. என்றால் ஜெட் இறங்கி ஏறுகிறதா என்று அடியில் பாருங்கள். ஐந்து நிமிட வேலைதான்.

கொட்டகையில் மாதக்கணக்கில் கிடந்த பெட்ரோலோடு மலை ஏறாதீர்கள். எளிதில் ஆவியாகும் பகுதிதான் அதிலிருந்து முதலில் பறந்துபோகும். குளிரில் என்ஜினைப் பற்றவைக்க அந்தப் பகுதிதான் வேண்டும். எத்தனால் கலந்த பெட்ரோல் ஈரத்தையும் இழுத்துக்கொள்ளும். அதற்கென்று செய்யப்படாத பழைய ரப்பர் குழாய்களையும் கெடுக்கும். டாங்கைக் காலி செய்து புதிதாக நிரப்புங்கள், குழாய்களை மாற்றுங்கள். ரேடியேட்டரில் வெறும் தண்ணீர் இருந்தால் அதையும் வடித்துவிட்டுப் பாதிக்குப் பாதி கூலன்ட் கலந்து ஊற்றுங்கள். தண்ணீர் உறைந்தால் பருக்கும், இரும்பையே பிளந்துவிடும்.

பாட்டரி விஷயத்தில் தயவு தாட்சண்யம் வேண்டாம். பூஜ்யம் டிகிரியில் அதன் பலத்தில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் போய்விடும். அதே நேரத்தில் ஆயிலும் இறுகியிருப்பதால் செல்ஃப் மோட்டாருக்குச் சுமை கூடும். இரண்டுக்கும் நடுவே பிளக்கில் வரும் பொறி மங்கிவிடும். ஓய்வில் 12.6 வோல்ட் காட்டுகிறதா என்று ஊரிலேயே பாருங்கள். 12.4க்குக் கீழே இருந்தால் சார்ஜ் ஏற்றாமல் கிளம்ப வேண்டாம்.

மலையில் விடிகாலையில் காரைக் கிளப்பும்போது விளக்கு, விசிறி எல்லாம் அணைந்திருக்கட்டும். கிளட்சை முழுதாக மிதித்தால் கியர் பாக்ஸில் இறுகிய ஆயிலையும் சேர்த்துச் சுற்றும் வேலை செல்ஃப் மோட்டாருக்குக் குறையும். சோக்கை முழுக்க இழுங்கள். தகடு உள்ள சோலெக்ஸ் வகைக் கார்புரேட்டர் என்றால் ஆக்சிலரேட்டரை ஒருமுறை, மிஞ்சினால் இருமுறை மிதித்துவிட்டுக் காலை எடுத்துவிடுங்கள். ஒவ்வொரு மிதிக்கும் அதிலுள்ள சிறு பம்ப் பெட்ரோலைப் பீய்ச்சும். பதற்றத்தில் இருபது முறை மிதித்தால் பிளக் நனைந்துவிடும். எஸ்.யு.வில் அந்தப் பம்ப் இல்லை, மிதித்துப் பயனில்லை. ஏழெட்டு நொடி செல்ஃப் அடித்துப் பாருங்கள். கிளம்பாவிட்டால் ஒரு நிமிடம் பொறுத்து மறுபடி அடியுங்கள்.

பெட்ரோல் வாடை தூக்கலாக வந்தால் ஓவர்ஃப்ளோ ஆகிவிட்டது என்று பொருள். சோக்கை முழுக்க உள்ளே தள்ளி, ஆக்சிலரேட்டரைத் தரைவரை அழுத்திப் பிடித்தபடி செல்ஃப் அடியுங்கள். காற்று நிறையப் போய் ஈரத்தை வெளியேற்றிவிடும். அப்படியும் வராவிட்டால் ஒரு பிளக்கைக் கழற்றிப் பாருங்கள். நனைந்திருந்தால் துடைத்துக் காயவைத்து மாட்டுங்கள். வறண்டிருந்தால் பெட்ரோலே வரவில்லை.

இன்னொன்றும் உண்டு. ஊட்டி சுமார் 2,240 மீட்டர் உயரம். காற்று நம் ஊரைவிட ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு மெலிந்தது. காரைக்குடிக்குச் சரி செய்த கார்புரேட்டர் அங்கே தானாகவே பெட்ரோலை அதிகமாகக் கலக்கும். அதனால் என்ஜின் பிடித்ததும் சோக்கைக் கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே தள்ளிவிடுங்கள். மறந்து ஓட்டினால் பெட்ரோல் சிலிண்டர் சுவரிலிருக்கும் ஆயிலைக் கழுவிவிடும்.

சோக் இழுத்த என்ஜின் கார்பன் மோனாக்சைடை நிறையக் கக்கும். அதற்கு மணமும் இல்லை, நிறமும் இல்லை. குளிருக்குப் பயந்து விடுதிக் கொட்டகையின் கதவைச் சாத்திக்கொண்டு காரைச் சூடேற்றாதீர்கள். பிள்ளைகளை உள்ளே உட்காரவைத்துச் சூடேற்றவே கூடாது. காரை வெளியே தள்ளிக் கொண்டுவந்து பிறகு சாவியைத் திருப்புங்கள்.

தலைகுந்தாவிலிருந்து அந்த அம்பாசடரை லாரியில் ஏற்றிக் கொண்டுவந்தோம். வயரிங் முழுவதையும் மாற்றினேன். மார்கழியில் பிரேக், டயர், பெல்ட், ஆயில் எல்லாம் பார்த்து "போய் வாருங்கள் ஐயா" என்று அந்தக் காரை அனுப்பியவன் நான்தான். சோக்கைப் பார்க்கவில்லை. கார்புரேட்டரைக் கழற்றும்போது கம்பி முனைத் திருகு விரலால் சுழலும் அளவுக்குத் தளர்ந்திருந்தது. இப்போது மலைக்குப் போகும் எந்தக் காரையும், வாடிக்கையாளரைப் பக்கத்தில் நிறுத்திச் சோக்கை இழுத்துக் காட்டாமல் பட்டறையிலிருந்து வெளியே விடுவதில்லை.