ராத்திரி ஜெபம் முடியவே மாட்டேங்குது

நர்சிங் படிக்கிற பிள்ளை. தூக்கம் வரவில்லை என்று அம்மா அழைத்து வந்திருந்தார். விசாரித்தால் தூக்கம் வராமல் இல்லை, தூங்கப் போகத்தான் முடியவில்லை. பத்து மணிக்கு முழங்காலில் நிற்பாள். நடுவில் ஒரு வார்த்தை மனசில்லாமல் வந்துவிட்டதோ என்று தோன்றினால் மறுபடி முதலிலிருந்து, அதற்குள் ஒரு கெட்ட நினைப்பு ஓடினால் அதற்கு மன்னிப்புக் கேட்டு அப்புறம் மறுபடி முதலிலிருந்து, இப்படியே பன்னிரண்டு, ஒன்று ஆகிவிடும். "எங்க பிள்ளைக்குப் பக்தி ஜாஸ்தி மேடம்" என்று அம்மா சொன்னதில் கொஞ்சம் பெருமையும் இருந்தது. (அடையாளம் தெரியக் கூடாதென்று இரண்டு மூன்று பேர் கதையைக் கலந்துதான் சொல்கிறேன்.)

மதுரையில் அரசரடிப் பக்கம் ஒரு மாடியறையில் மனநல ஆலோசகராக உட்கார்ந்து 16 வருஷம் ஆகிறது. வருகிறவர்களில் சபைக்குப் போகிறவர்கள் நிறைய. கிருபை, அதாவது கடவுள் காட்டுகிற தயவு, ஆவிக்குரிய வளர்ச்சியின் கடைசியில் கிடைக்கிற பரிசு என்று அவர்களில் பலர் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். தவறாமல் வேதம் வாசித்து, உபவாசம் இருந்து, காணிக்கை போட்டால் கிடைக்கும். ஒரு நாள் தவறினால் போச்சு. மாதச் சம்பளத்தில் லீவுக்குப் பிடித்துக்கொள்கிற மாதிரி.

எனக்குப் பிறந்த வீடு சிஎஸ்ஐ (புராட்டஸ்டண்ட் சபை), புகுந்த வீடு ஆர்சி (கத்தோலிக்கம்). அங்கே கிருபை, இங்கே அருள். மாமியார் இன்னும் பழைய வழக்கப்படி "பிரியதத்தத்தினாலே பூரண மரியாயே" என்றுதான் ஜெபமாலை சொல்வார், அருளுக்குப் பழைய சொல் பிரியதத்தம். அருள் என்ற சொல்லைக் கிறிஸ்தவ வழக்குக்குள் கொண்டுவந்தவர் 1606-ல் மதுரைக்கு வந்த ராபர்ட் தெ நொபிலி என்பார்கள். எந்தச் சொல்லை எடுத்தாலும் அதில் கூலி வாடையே கிடையாது. தத்தம் என்றாலே கொடுத்துவிடுவதுதான். எபேசியர் 2:8-லும் "இது தேவனுடைய ஈவு" என்றுதான் இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை இதை மனப்பாடமாகச் சொல்கிறவர்கள்தான் திங்கட்கிழமை வந்து "ஒரு நாள் ஜெபத்தை விட்டுட்டேன், அதான் பையனுக்குக் காய்ச்சல்" என்கிறார்கள்.

சரி, அந்தப் பிள்ளைக்கு வருவோம். அவளுக்கு இருந்தது பக்திக் குறைவும் இல்லை, பக்தி மிகுதியும் இல்லை, ஓசிடி என்கிற எண்ணச் சுழற்சி நோய். கையைக் கழுவிக் கழுவித் தேய்ப்பவர்களை நமக்குத் தெரியும், அதே நோய் சிலருக்குப் பாவ பயத்தின் உருவத்தில் வரும். சந்தேகம் வரும், நெஞ்சு படபடக்கும், ஜெபத்தைத் திரும்பச் சொன்னால் கொஞ்சம் அடங்கும், அடங்கியதாலேயே மூளை 'ஓ, இதைச் செய்தால்தான் தப்பிக்கலாம்' என்று பழகிக்கொண்டு அடுத்த தடவை இன்னும் பலமாகச் சந்தேகத்தைக் கிளப்பும். வீட்டார் ஒரு நாளைக்கு இருபது தடவை "கர்த்தர் உன்னை மன்னிச்சிட்டாரும்மா" என்று சமாதானம் சொல்வதும் இந்தச் சுழலுக்குத்தான் தீனி. இது தெரியாமல் இன்னும் ஒரு மணி நேரம் கூட ஜெபிக்கச் சொல்கிறவர்களைப் பார்த்தால் எனக்குக் கோபம்தான் வருகிறது.

புராட்டஸ்டண்ட் சீர்திருத்தத்தைத் தொடங்கிய மார்ட்டின் லூத்தர், துறவியாக இருந்த காலத்தில் மணிக்கணக்கில் பாவசங்கீர்த்தனம் (குருவிடம் பாவங்களைச் சொல்லி மன்னிப்புக் கேட்பது) செய்தவர். முடித்து வெளியே வந்ததும் விட்டுப்போன பாவம் ஒன்று ஞாபகம் வரும், மறுபடி போவார். அவருடைய மேலதிகாரி ஸ்டாப்பிட்ஸே அலுத்துப்போனார் என்பது வரலாறு. லூத்தருக்கும் ஓசிடிதான் என்று நான் சொல்ல வரவில்லை, செத்தவருக்குச் சீட்டு எழுதுவது என் வேலை இல்லை. ஆனால் அவர் வளர்ந்தது எண்ணிக்கையைக் கூட்டியதால் இல்லை, எண்ணுவதை விட்ட பிறகுதான்.

என் அறையிலும் இதைத்தான் பார்க்கிறேன். பயத்தில் இருக்கிறவர் தன் குறையைப் பார்ப்பதில்லை, மறைக்கிறார். பாடகர் குழுவில் இருந்த ஒருவர் ஆன்லைன் ரம்மியில் பணம் விட்டதை இரண்டு வருஷம் யாரிடமும் சொல்லவில்லை. அவருடைய பாஸ்டர் ஐயா திட்டாமல் "சாப்பிட்டியாப்பா?" என்று கேட்ட அன்றைக்குத்தான் முழுக் கணக்கும் வெளியே வந்தது, திருந்த ஆரம்பித்ததும் அன்றிலிருந்துதான்.

இதைச் சொன்னால் உடனே "அப்போ கிருபை இருக்குன்னு என்ன வேணா செய்யலாமா?" என்பார்கள். பெண்டாட்டியை அடித்துவிட்டு, மறுநாள் "கிருபையில மன்னிச்சிடு" என்கிற ஆசாமிகளும் வருகிறார்கள்தான். அது கிருபை இல்லை, சலுகை. தீத்து 2-ம் அதிகாரத்தில் கிருபை ஒரு வாத்தியார் மாதிரி, அவபக்தியை விடச் சொல்லிக் கற்றுக்கொடுக்கிறது. அடி வாங்கிய பெண்ணிடம் போய் முதலில் 'அவனை மன்னிச்சிடு' என்று நிற்காதீர்கள், அவளுக்கு முதலில் வேண்டியது பாதுகாப்பு, 181 என்ற பெண்கள் உதவி எண்ணுக்குப் பேசலாம்.

அப்படியானால் முயற்சியே வேண்டாமா? பிலிப்பியர் 2:12-ல் பிரயாசப்படுங்கள் என்கிற பவுல், அடுத்த வசனத்திலேயே அந்த விருப்பத்தையும் செய்கையையும் உண்டாக்குகிறவர் தேவன்தான் என்கிறார். நம் ஊருக்கு இது புதுசு இல்லை, நம் முயற்சியா, கடவுளின் அருளா, அதாவது குட்டி தாயைப் பிடிக்கிறதா, தாய் குட்டியைக் கவ்வுகிறதா என்று குரங்கையும் பூனையையும் வைத்து வைணவர்கள் எப்போதோ வாதாடியதுதான். அழகர்கோவில் போனால் குரங்குக் கட்சியை நேரிலேயே பார்க்கலாம்.

அந்தப் பிள்ளையைப் பெரியாஸ்பத்திரி மனநலப் பிரிவுக்கு அனுப்பினேன், மாத்திரை ஆரம்பித்தார்கள். என் பங்குக்கு ஒரே ஒரு வீட்டுப்பாடம்: ஜெபம் ஒரு தடவைதான், வார்த்தை பிசகினாலும் திரும்பச் சொல்லாமல் எழுந்துவிட வேண்டும், படபடப்பு தானாக ஏறித் தானாக இறங்கட்டும். முதல் வாரம் அழுதாள். அவளுடைய பாஸ்டரும் "ஒரு தடவை போதும்மா" என்று சொன்னார், அதோடு நிறுத்திக்கொண்டார், அதுதான் பெரிய உதவி. உங்கள் வீட்டிலும் யாராவது இப்படித் தவித்தால் 14416 என்ற டெலி மானஸ் எண்ணில் தமிழிலேயே பேசலாம், காசு கிடையாது.

மூன்றாவது மாதம் வந்தவள் உட்காருவதற்கு முன்பே ஆரம்பித்தாள். "நேத்து ஜெபம் பண்ணாமலே தூங்கிட்டேன் மேடம்."

"சரி, என்ன ஆச்சு?"

"ஒண்ணும் ஆகல. அம்மா வழக்கம்போல எழுப்பி காபி கொடுத்தாங்க. காலேஜ் பஸ்ஸத்தான் விட்டுட்டேன்."